3200-ஆ, 2400-ஆ? தசை வளர்க்கும் தம்பிக்கு ஒரு தேங்காய்க் கணக்கு

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படிக்கும் மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும். வயது 23, உயரம் 172 செ.மீ., எடை 58 கிலோ. ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம். விடியுமுன் அப்பாவுடன் ரப்பர் பால் வெட்டப் போகிறீர்கள். பத்து மணிக்கு மேல் மார்த்தாண்டத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை. வாரத்தில் நான்கு நாள் மாலையில் ஜிம். ஆறு மாதமாக எடை தூக்கியும் உடம்பு அரை கிலோகூட ஏறவில்லை. கைப்பேசியில் உள்ள செயலி நாளைக்கு 3200 கலோரி சாப்பிடச் சொல்கிறது. ஜிம் நண்பரோ 2400 போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

தக்கலைப் பக்கம் ஒரு சிறிய ஜிம்மை 17 ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். இந்தக் கேள்வி மாதத்துக்கு இரண்டு முறையாவது என் மேசைக்கு வரும். உங்கள் இரண்டு எண்களையும் பார்த்தவுடன் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செயலியும் நண்பரும் போட்டிருப்பது ஒரே கணக்கு.

அந்தக் கணக்கு இதுதான். எடையைப் பத்தால் பெருக்க வேண்டும்: 580. உயரத்தை 6.25-ஆல் பெருக்க வேண்டும்: 1075. இரண்டையும் கூட்டி, வயதின் ஐந்து மடங்கைக் கழித்து, ஆண் என்றால் 5 கூட்ட வேண்டும். பெண் என்றால் 161 கழிக்க வேண்டும். உங்களுக்கு 1545 வரும். ஒரு வேலையும் செய்யாமல் பாயில் படுத்தே கிடந்தாலும் உடம்பு எரிக்கும் கலோரி இது. மிஃப்ளின் – செயின்ட் ஜியோர் சூத்திரம் என்பார்கள். 1990-இல் அமெரிக்காவில் 498 பேரை அளந்து உருவாக்கியது. அதற்கு முன் புழங்கிய ஹாரிஸ் – பெனடிக்ட் சூத்திரம் 1919-ஆம் ஆண்டுக் கணக்கு.

சூத்திரம் வரையில் தகராறு இல்லை. தகராறு அடுத்த படியில் வருகிறது. நீங்கள் எவ்வளவு அசைகிறவர் என்று செயலி கேட்கும். ‘மிதமான உழைப்பு’ என்று அழுத்தினால் 1.55-ஆல் பெருக்கும்: 1545 × 1.55 = 2395. நண்பரின் 2400 வந்த வழி அது. தசைக்கென்று அவர் எதுவும் கூட்டவில்லை. ‘கடும் உழைப்பு’ என்று அழுத்தினால் 1.725-ஆல் பெருக்கும்: 2665. அதோடு ‘எடை கூட வேண்டும்’ என்று கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டு 500 சேர்த்துவிடும்: 3165. செயலியின் 3200 இதுதான். நடுவிலுள்ள 800 கலோரியும் நீங்கள் கைப்பேசியில் தொட்ட ஒரே ஒரு கட்டத்திலிருந்தும், யாரோ வசதிக்காக வைத்த ஒரு முழு எண்ணிலிருந்தும் பிறந்தவை.

சரி, நீங்கள் எந்தக் கட்டம்? காலையில் முந்நூறு மரத்துக்குப் பால் வெட்டச் சரிவில் ஏறி இறங்குகிறவன் கடும் உழைப்பாளி. அதே ஆள் பத்தரை மணி முதல் மாலை வரை நாற்காலியில் இருந்தால் எழுத்தர். இரண்டையும் ஒரே பெருக்கல் எண்ணில் அடைக்க முடியாது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 65 கிலோ எடையுள்ள இந்திய ஆணுக்கு வைத்திருக்கும் கணக்கைப் பாருங்கள்: உட்கார்ந்த வேலைக்கு 2110, மிதமான வேலைக்கு 2710, கடும் வேலைக்கு 3470 கலோரி. ஒரே எடை, ஒரே நாடு; வேலையைப் பொறுத்து 1300-க்கு மேல் வித்தியாசம்.

ஆனால் உங்கள் கேள்வியிலேயே விடை கிடக்கிறது. ‘ஆறு மாதமாக எடை ஏறவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள், இறங்கியதாகவும் சொல்லவில்லை. அப்படியென்றால் வரவும் செலவும் சரியாக இருக்கின்றன. இப்போது நீங்கள் சராசரியாக எவ்வளவு சாப்பிடுகிறீர்களோ அதுதான் உங்கள் உடம்பின் செலவு. அது 2350-ஆகவும் இருக்கலாம், 2700-ஆகவும் இருக்கலாம். எந்தச் சூத்திரமும் அதை உங்கள் உடம்பைவிடத் துல்லியமாகச் சொல்லாது. நீங்கள் செய்ய வேண்டியது இரண்டே வேலை: இப்போது என்ன சாப்பிடுகிறீர்கள் என்று இரண்டு வாரம் எழுதுவது, பிறகு அதன்மேல் கொஞ்சம் ஏற்றுவது.

எழுதுவதுதான் கடினம். ஏனென்றால் நம் வீட்டுச் சாப்பாட்டை அளப்பதற்கு அந்தச் செயலிகளைச் செய்யவில்லை. ஒரு ரொட்டித்துண்டு, ஒரு கோழி நெஞ்சுத்துண்டு என்று தனித்தனியாக உண்ணும் ஊருக்கு அவை சரி. ஒரே சட்டியில் ஐந்து பேருக்குக் கொதிக்கும் மீன்குழம்பில் உங்கள் பங்கு எவ்வளவு என்று எந்தச் செயலிக்குத் தெரியும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் நான் அளந்ததைச் சொல்கிறேன். தபால் நிறுப்பது போன்ற ஒரு சின்ன டிஜிட்டல் தராசு. அடுக்களை மேடையில் வைத்தேன். மரச்சீனிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, தோல் சீவிய பின் ஒரு கிலோ. அதில் சேர்க்கத் துருவிய தேங்காய் ஒரு முறி, அதாவது அரை மூடி: 140 கிராம். தேங்காய் எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. மீன்குழம்புக்கு அரைக்க இன்னொரு முறி. சாப்பிட நான்கு பேர். நூறு கிராம் மரச்சீனிக்கு 160 கலோரி என்று வைத்தால் தலைக்கு 400. நூறு கிராம் தேங்காய்க்கு ஏறத்தாழ 354. முறி ஒன்றுக்குத் தலைக்கு 124 வீதம் இரண்டு முறிக்கு 248. எண்ணெயில் 60. ஆகத் தட்டில் 700 தாண்டிவிட்டது, இன்னும் மீனே வரவில்லை. அந்த 700-இல் புரதம் எவ்வளவு என்று பார்த்தேன்: ஆறு கிராம்.

இந்த ஒரு தட்டை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மறுபடி வருகிறேன்.

தினமும் இப்படி நிறுக்க முடியாது, அம்மா கரண்டியாலேயே விரட்டிவிடுவார். அதற்கு நான் சொல்லிக்கொடுக்கும் குறுக்குவழி, வாரக்கணக்கு. ஞாயிறு காலையில் எண்ணெய்ப் பாத்திரத்தை எடை பாருங்கள். அடுத்த ஞாயிறு மறுபடி பாருங்கள். குறைந்த எண்ணெயைச் சாப்பிடும் தலைகளால் வகுங்கள், பிறகு ஏழால் வகுங்கள். எண்ணெய் கிராமுக்கு 9 கலோரி. தேங்காயும் அப்படித்தான். ஐந்து பேர் வீட்டில் வாரத்துக்குப் பத்துத் தேங்காய் உடைந்தால் தலைக்கு இரண்டு. பருப்பு எடை 300 கிராம் தேறும் தேங்காய் என்றால் நாளைக்கு 85 கிராம், அதாவது 300 கலோரி. பால் பிழிந்து சக்கையை எறிந்தால் கொஞ்சம் குறையும். சோற்றைத் தட்டில் போடும்போது மட்டும் நிறுத்துப் பாருங்கள், வெந்த சோறு 100 கிராமுக்கு 130 கலோரி. ஒரு வாரம் நிறுத்தால் பிறகு கண்ணே சொல்லும்.

வெளிநாட்டுச் செயலியில் ‘சாளை’ (மத்தி மீன்) என்று தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுப் பொருள் அட்டவணை இருக்கிறது. நம் அரிசி, பயறு, மீன் எல்லாம் அதில் உண்டு. ஒரு எச்சரிக்கை: அதில் ஆற்றல் கிலோஜூலில் இருக்கும். 4.184-ஆல் வகுத்தால்தான் கலோரி. என்னிடம் வந்த ஒரு பையன் அதை அப்படியே கலோரி என்று நம்பி, சோறு தின்றாலே விஷம் என்ற முடிவுக்கு வந்துவிட்டான்.

இப்படி எழுதும் கணக்கில் பிழை இருக்கத்தான் செய்யும். இருந்துவிட்டுப் போகட்டும். தராசு பொய் சொன்னாலும் தினமும் ஒரே பொய்யைச் சொன்னால் நமக்குப் போதும். அதன்மேல் ஏற்றுவது எவ்வளவு என்பதுதான் காரியம்.

எவ்வளவு ஏற்றுவது? உங்களுக்கு 300. அதற்கு மேல் இப்போது வேண்டாம்.

ஏன் 500 இல்லை, ஏன் 1000 இல்லை? தசையில் முக்கால் பங்கு தண்ணீர்; புரதம் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். ஒரு கிலோ கொழுப்பில் 7700 கலோரி அடங்கியிருப்பதைப் போல ஒரு கிலோ தசையில் அடங்கியிருப்பதில்லை. தசை கட்டும் வேகத்தை முடிவு செய்வது பயிற்சியும் தூக்கமும் வயதும் பிறப்பும். சாப்பாடு சரக்கு கொண்டுவரும் லாரி மட்டுமே. கொத்தனார் ஒருவர் இருக்க, பத்து லோடு செங்கல் இறக்கினால் சுவர் வேகமாக எழாது, முற்றம்தான் நிறையும். உடம்பில் முற்றம் எது என்று சொல்லத் தேவையில்லை. இடுப்புப் பட்டை சொல்லும்.

நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது. 25 வயதில், ஒரு மூத்த பயிற்சியாளரின் பேச்சைக் கேட்டு ஐந்து மாதத்தில் 61 கிலோவிலிருந்து 74 கிலோவுக்குப் போனேன். காலையில் புட்டும் பழமும், பதினோரு மணிக்கு ஏத்தங்காய் வறுவல் ஒரு பொட்டலம், இரவில் மூன்றாவது முறையும் சோறு. தெருவில் எல்லோரும் ‘ஆள் தேறிவிட்டான்’ என்றார்கள். இடுப்பு 29 அங்குலத்திலிருந்து 34-க்குப் போயிருந்தது. அதை இறக்க அடுத்த எட்டு மாதம் பட்டினி கிடந்தேன். சேர்த்த கொஞ்சம் தசையிலும் ஒரு பகுதி அதோடு போயிற்று. கணக்குப் பார்த்தால் ஓராண்டில் கிடைத்தது இரண்டு புதிய பேன்ட் மட்டும்தான், அவையும் பிறகு பொருந்தவில்லை.

‘எனக்கு எவ்வளவு தின்றாலும் ஏறாது’ என்று நீங்கள் எழுதியிருப்பதில் ஓர் உண்மை உண்டு. 1999-இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு நடந்தது. 16 பேருக்கு எட்டு வாரம், தினமும் தேவைக்கு மேல் 1000 கலோரி கொடுத்தார்கள். ஒருவருக்கு ஏறிய கொழுப்பு 360 கிராம். இன்னொருவருக்கு 4 கிலோ 230 கிராம். உள்ளே போனது ஒரே அளவுதான். கொழுப்பு ஏறாதவர்கள், தாங்கள் அறியாமலேயே கூடுதலாக அசைந்துகொண்டிருந்தார்கள்: எழுவது, நடப்பது, காலை ஆட்டுவது. உங்கள் உடம்பும் அந்த வகையாக இருக்கலாம். அப்படியானால் 300 போதாமல் 450 தேவைப்படும். ஆனால் அதைத் தராசு சொல்லட்டும், முன்கூட்டியே நாம் முடிவு செய்ய வேண்டாம்.

தராசு சொல்வதைக் கேட்கும் முறை: காலையில் எழுந்து, கழிவறை போய்விட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் எடை பாருங்கள். நீங்கள் பால் வெட்டப் போகிறவர் என்பதால் கிளம்பும் முன். தினமும் எழுதுங்கள், ஆனால் தனித்தனி நாளைப் பார்த்து மகிழவோ வருந்தவோ வேண்டாம். முந்தைய இரவு கருவாட்டுக் குழம்பு என்றாலே மறுநாள் உப்பு பிடித்துவைக்கும் தண்ணீரில் முக்கால் கிலோ கூடக் காட்டும். ஏழு நாளைக் கூட்டி ஏழால் வகுத்து, வாரச் சராசரியோடு வாரச் சராசரியை ஒப்பிடுங்கள். முதல் வாரத்தை விட்டுவிடுங்கள். மாவுச்சத்து கூடும்போது உடம்பு அதைக் கிளைகோஜனாகத் தசையில் சேமிக்கும்; அதில் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரை இழுத்து வைக்கும். அந்த ஒரு கிலோவைத் தசை என்று நம்பிப் படம் எடுத்து அனுப்பியவர்கள் நிறைய.

இரண்டாம் வாரத்திலிருந்து, வாரத்துக்கு 150 முதல் 300 கிராம் வரை ஏறினால் நல்ல வேகம். மூன்று வாரம் பார்த்தும் 150-க்குக் கீழே நின்றால் நாளைக்கு 150 கலோரி சேருங்கள். 300-க்கு மேல் போனால் அதே அளவு குறையுங்கள். கூடவே இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தொப்புளைச் சுற்றி நாடாவால் அளந்து வையுங்கள். ஜிம்மில் தூக்கும் எடை ஏறாமல் இடுப்பு மட்டும் ஏறினால் கோளாறு சாப்பாட்டின் அளவில் இல்லை, பயிற்சியில் இருக்கிறது. அது வேறு கதை.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைத் தட்டுக்கு வருவோம். 700 கலோரி, ஆறு கிராம் புரதம்.

நம் மாவட்டத்தில் கலோரிக்குப் பஞ்சம் இல்லை. தேங்காய் தோட்டத்தில் நிற்கிறது, மரச்சீனி மேட்டில் நிற்கிறது, பழத்துக்கு மட்டி முதல் நேந்திரம் வரை குலைகுலையாகத் தொங்குகிறது. மரச்சீனி நம் தட்டுக்கு வந்ததே வயிறு நிறைக்கத்தான். திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் அதைப் பரப்ப ஊக்கம் கொடுத்தார். இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்றபோது அதுதான் வீடுகளைக் காப்பாற்றியது. பஞ்சத்தைத் தாண்ட அது அருமையான பயிர். தசைக்கு அது வெறும் விறகு. செங்கல், அதாவது புரதம், வேறு இடத்திலிருந்து வர வேண்டும். நம் முன்னோர் அதனோடு சாளைக் கறியைச் சேர்த்ததில் சுவை மட்டுமல்லாமல் கணக்கும் இருக்கிறது. 150 கிராம் சாளை சேர்ந்தால் அதே தட்டில் புரதம் 35 கிராமைத் தொட்டுவிடும்.

உங்களுக்கு எவ்வளவு புரதம் வேண்டும்? உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் என்று வையுங்கள். 49 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வந்த ஒரு கட்டுரை, சராசரியாக இந்த அளவுக்கு மேல் போனால் தசையில் பெரிய கூடுதல் தெரியவில்லை என்றது. 58 × 1.6 = 93 கிராம். ஒரு நாளை இப்படி நிரப்பலாம்: சுத்தம் செய்த மீன் 200 கிராமில் 40 கிராமுக்குச் சற்றுக் குறைவு; முட்டை மூன்றில் 18; புட்டுக்கு வேகவைக்கும் சிறுபயறு, உலர்ந்த எடையில் 50 கிராம் என்றால் 12; பால் 400 மில்லியில் 12; நாள் முழுவதும் உண்ணும் அரிசியில் 15-க்கு மேல். கணக்கு முடிந்தது. சாளை கிடைக்காத நாளில் அயிலை, நெத்திலி. கை தாராளமாக இருந்தால் சூரை. சூரையில் நூறு கிராமுக்கு 23 கிராம் அளவு புரதம், கொழுப்போ மிகக் குறைவு.

மீன் விலை ஏறும் காலத்துக்கும் வழி வைத்துக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்தில் மீன்பிடித் தடைக்காலம் இரண்டு: சின்னமுட்டம் பக்கம் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. வள்ளத்தில் வரும் மீன் கிடைக்கும், ஆனால் சந்தையில் விலையைக் கேட்டால் பயறு இனிக்கும். அந்த மாதங்களில் முட்டையைக் கூட்டுங்கள், சோயா உருண்டை வாங்குங்கள். உலர்ந்த சோயாவில் பாதி எடை புரதம்தான். கருவாட்டை முழு நம்பிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், புரதத்தோடு உப்பும் வண்டியேறி வருகிறது.

ஆக, நான் ஏற்றச் சொன்ன 300 கலோரி எதிலிருந்து வர வேண்டும் என்பதற்கும் இதுவே விடை. இரண்டு முட்டையும் 50 கிராம் சிறுபயறும் சேர்ந்தால் 310 கலோரி, 24 கிராம் புரதம். பால் வெட்டி இறங்கி வந்ததும் புட்டோடு இதைச் சாப்பிடுங்கள். புரதம் ஏற்கெனவே 93 தொட்டுவிட்டது என்றால் ஒரு தம்ளர் பாலும் ஒரு நேந்திரம் பழமும் போதும், அதுவும் 300 சொச்சம்தான். இதே 300-ஐ இரண்டரை மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயிலும் அடைக்கலாம், அடைக்காதீர்கள். அதில் புரதம் ஒரு கிராமும் இல்லை, இருப்பதில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. நம் குழம்பில் ஏற்கெனவே போதிய அளவு இருக்கிறது. எடை ஏற்றும் மாவு டப்பாக்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலானவற்றின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள், முதல் பொருள் மால்டோடெக்ஸ்ட்ரின் என்றிருக்கும், அதாவது மாவுச்சத்து. நம் தோட்டத்தில் முளைப்பதை டப்பாவில் காசு கொடுத்து வாங்குவானேன்? சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மட்டும் என் எண்கள் எதையும் எடுக்காமல் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

உங்கள் தொழிலால் வரும் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது; செயலிக்கு அது தெரியவே தெரியாது. இரண்டரை மணி நேரம் சரிவில் ஏறி இறங்கிப் பட்டை சீவுவது, சிரட்டையில் சேர்ந்த பாலை எடுத்துச் சுமப்பது எல்லாம் சேர்ந்து, உட்கார்ந்திருப்பதைவிட 300 முதல் 400 கலோரி கூடுதலாகச் செலவாகும் என்பது என் மதிப்பீடு. ரப்பர் இலை உதிர்ந்து தளிர்க்கும் ஆண்டின் தொடக்க மாதங்களில் வெட்டுக்கு ஓய்வு. நமக்கு மழை இரண்டு பருவம். அடைமழை நாட்களிலும் வெட்டு நிற்கும். அப்போது அதே சாப்பாட்டைச் சாப்பிட்டால், உங்கள் 300 மிகை ஒரே வாரத்தில் 600 ஆகிவிடும். ஆகவே வெட்டு நின்ற வாரமே பயறையும் முட்டையையும் தொடாமல், சோற்றிலும் கிழங்கிலும் தேங்காயிலும் 300 குறையுங்கள். வெட்டு தொடங்கியதும் திரும்பச் சேருங்கள். எழுதும் நோட்டில் எடைக்குப் பக்கத்தில் ‘வெட்டு உண்டு’, ‘வெட்டு இல்லை’ என்று ஒரு குறிப்பும் போட்டு வையுங்கள். மூன்று வாரம் கழித்து அந்த நோட்டோடு மறுபடி கேளுங்கள், அப்போது 3200-ஆ 2400-ஆ என்று ஊகிக்காமல் எண்ணைச் சொல்கிறேன்.

இன்னும் ஒன்று. வாரத்துக்கு எத்தனை தேங்காய் உடைக்கிறீர்கள் என்று அம்மாவிடம் கேட்கும்போது காரணத்தையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் கேட்டேன். அடுக்களைச் செலவுக்குக் கணக்குக் கேட்கிறான் என்று நினைத்து, என் அம்மா இரண்டு நாள் தேங்காயே இல்லாமல் குழம்பு வைத்தார்.